யவனர் சாடியும் போர்தோப் பீப்பாயும்

மனிதன் உண்ட உணவும் பருகிய பானமும் அவனது வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும். அரசர் செய்த போர்களையும் அவர்கள் ஆண்ட ஆண்டுகளையும் மனனம் செய்யும் நம் மாணவர், ஒரு சாடி மது எங்கே வடிக்கப்பட்டது, எந்தக் கப்பலில் ஏறியது, எந்தக் கரையில் உடைந்தது என்னும் வரலாற்றைப் பெரும்பாலும் கேள்வியுறுவதில்லை. பிரஞ்சு நாட்டுச் செம்மது, அதிலும் போர்தோ வட்டாரத்துச் செம்மது, உலகெங்கும் புகழ் பெற்றது. அதற்கும் தமிழ் மாணவருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. குடியைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு பானம் ஒரு மக்கட்கூட்டத்தை உயர்த்துவதும் தாழ்த்துவதும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்பதே நோக்கமாகும்.

பினாங்கு மாநகரில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்றொரு சாலை உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் அது பிரித்தானியப் பிரதமர் வில்லியம் பிட்டின் பெயரால் பிட் ஸ்திரீட் என வழங்கியது. சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம் மக்களுக்காக 1801ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பள்ளிவாசலே இன்று அச்சாலைக்குப் பெயர் தந்து நிற்கிறது. சாலையின் வடகோடியை அடுத்து, 1818இல் கட்டி முடிக்கப்பெற்ற புனித ஜார்ஜ் தேவாலயம் உள்ளது. இடையில் சீனர் வழிபடும் கருணைத் தேவியின் கோவில் அமைந்துள்ளது. குயின் தெருவை நோக்கி வாயில் கொண்டு, இச்சாலைப் பக்கம் முதுகு காட்டி நிற்பது 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் ஆலயம். சிறிது தொலைவு நடப்பதற்குள் திராட்சை மது ஓரிடத்தில் வழிபாட்டுக்குரிய புனிதப் பொருளாகவும், மற்றோரிடத்தில் மார்க்கம் விலக்கிய பொருளாகவும் இருப்பதைக் காண்கிறோம். பொருள் ஒன்றே, மக்கள் அதற்குத் தந்த பொருண்மைதான் வேறு. இவ்வேறுபாட்டின் வேரைத் தேடிச் செல்வோமாயின், சாலையைக் கடந்து, கடலையும் கடந்து, புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள ஓர் ஆற்றங்கரைக்குச் சென்று சேர்வோம்.

அரிக்கமேடு தந்த சான்று

புதுச்சேரி நகருக்குத் தெற்கே சில கல் தொலைவில் அரியாங்குப்பம் ஆறு கடலை நாடும் இடத்தில், வீராம்பட்டினத்தை ஒட்டி அரிக்கமேடு என்னும் மேடு உள்ளது. 1769ஆம் ஆண்டு வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்திருந்த பிரஞ்சு வானியலறிஞர் லெ ஜாந்தீல், அன்று மேகம் மறைத்ததால் கோளைக் காண இயலாது போனார். ஆயினும் இப்பகுதியின் பழஞ்சுவர்களைப் பற்றி அவர் எழுதி வைத்தார். 1937இல் பேராசிரியர் ழுவோ துப்ராய் இங்குக் கிடைத்த செதுக்குமணி ஒன்றில் உரோமப் பேரரசர் அகஸ்டசின் தலையை அடையாளம் கண்டார். 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே முறையாக அகழ்ந்தனர்.

அகழ்ந்தவர் கையில் கிடைத்தவற்றுள் பொன்னும் மணியும் சிலவே; மண்ணோடுகளே மிகுதி. அவ்வோடுகளுள் ஒருவகை தமிழ்நாட்டுக் குயவர் வனையாதது. இரு பக்கமும் காது வைத்து, கழுத்துக் குறுகி, அடி கூம்பிய உயர்ந்த சாடிகளின் உடைந்த பகுதிகள் அவை. உள்ளே கசிவு தடுக்கப் பிசின் பூசுவது மரபு. உரோமர் அளவையில் அத்தகைய சாடி ஏறத்தாழ 26 லிட்டர் கொள்ளும். கூம்பிய அடி நமக்கு விந்தையாகத் தோன்றலாம். மரக்கலத்தின் வயிற்றில் ஒரு வரிசைச் சாடிகளின் தோள்களுக்கிடையே அடுத்த வரிசையின் அடிகளைச் செருகி அடுக்கினால், கடல் எவ்வளவு குலுக்கினும் அவை அசையா. அந்த வடிவம் கடற்பயணத்திற்காகவே அமைந்தது.

சாடியின் களிமண்ணையும் காதின் வளைவையும் கொண்டு அது பிறந்த ஊரை அறிஞர் கூறிவிடுகின்றனர். அரிக்கமேட்டுச் சாடிகளுட் பல கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடிகளின் இனத்தைச் சேர்ந்தவை. சில இத்தாலியின் கம்பானியா நாட்டவை. கோஸ் தீவு மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம் என உரோமரின் வேளாண் நூல் கூறுகிறது. உப்பேறிய மது எளிதில் கெடாது. மாதக்கணக்கில் கடலில் மிதந்து வரவேண்டிய பொருளுக்கு அது ஏற்ற காப்பாகும்.

கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'எரித்திரையக் கடல் வழிகாட்டி' என்னும் முதல் நூற்றாண்டு நூல், இந்தியத் துறைமுகங்களில் இறங்கிய சரக்குகளுள் மதுவையும் எண்ணுகிறது. பரூச் துறையில் இத்தாலிய மதுவுக்கே மதிப்பு மிகுதி என்றும், முசிறித் துறையில் மது அதிக அளவில் இறங்குவதில்லை என்றும் அது குறிக்கிறது. ஆதலால் யவன மது அக்காலத் தமிழர் அனைவரும் பருகிய பானமன்று. செல்வர் இல்லத்திற்கும், துறைமுகத்தில் தங்கிய அயல்நாட்டாருக்கும் உரிய அரும்பொருள் என்று கொள்வதே பொருந்தும்.

பாட்டும் ஓடும்

இச்செய்தி தமிழ்ப் புலவர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 56ஆம் பாடலில், நக்கீரர், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியனை வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் உண்டு இனிது வாழ்வாயாக என்பது அவ்வாழ்த்தின் கருத்து. அத்தேறல் வந்த இடத்தைக் குறிக்கப் புலவர் ஆண்ட சொல் 'நன்கலம்' என்பது. கலம் என்பது பாண்டத்திற்கும் பெயர், மரக்கலத்திற்கும் பெயர். நல்ல சாடியில் வந்தது எனினும் ஒக்கும். நல்ல கப்பலில் வந்தது எனினும் ஒக்கும். அரிக்கமேட்டு மண் இரண்டுக்கும் இடந்தருகிறது.

உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தது 1894ஆம் ஆண்டு. வீலர் அரிக்கமேட்டில் மண்வெட்டியை ஓங்கியது 1945ஆம் ஆண்டு. அரை நூற்றாண்டு காலம் ஏட்டில் மட்டும் இருந்த செய்திக்கு மண் சான்று கூறியது. இலக்கியச் செய்தியைக் கற்பனை என ஒதுக்குவாரும், ஆராயாது மெய் என ஏற்பாரும் ஒருங்கே சிந்திக்கத்தக்க நிகழ்ச்சி இது. பாட்டு மட்டும் இருந்திருப்பின் தேறல் எந்நாட்டது என்பதை நாம் அறிந்திரோம். ஓடு மட்டும் கிடைத்திருப்பின் அது யார் கையில் எவ்வாறு பரிமாறப்பட்டது என்பதை அறிந்திரோம்.

இங்கே மாணவர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். யவனர் மது வந்தபோது தமிழர் பானம் அறியாதவராக இருந்திலர். கள், தேறல், நறவு, தோப்பி, மட்டு, அரியல் எனப் பல பெயர்கள் சங்க நூல்களில் வழங்கின. தோப்பி என்பது நெல்லால் வீட்டிலேயே சமைத்தது. தேன் மூங்கிற் குழாயில் நெடுநாள் விளைந்து தேறலாயிற்று. ஆக்கும் பொருளுக்கும் முறைக்கும் ஏற்பப் பெயர் வேறுபட்டது. அதியமான் சிறிதளவு கள் கிடைப்பின் தமக்கே தந்துவிடுவான் என்றும், பெரிதளவு கிடைப்பின் உடனிருந்து பகிர்ந்து மகிழ்வான் என்றும் ஔவையார் அவன் மறைவின்போது நினைந்து அழுதார். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்துப் பத்துக் குறளால் கடிந்தார். இவ்விரு குரலும் தமிழின் குரல்களே. ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் கற்பித்தல் ஆசிரியர்க்கு அழகன்று.

மது வாங்கிய நாடு மது நாடானது

ஏறத்தாழ இதே காலத்தில் இத்தாலிய மதுச்சாடிகள் மேற்கு நோக்கியும் சென்றன. இன்றைய பிரான்சு அன்று கோல் நாடு எனப்பட்டது. அந்நாட்டு மக்கள் மதுவின்மேல் கொண்ட வேட்கை பெரிது. ஒரு சாடி மதுவுக்கு ஓர் அடிமையை விலையாகத் தந்தனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதுகிறார். தமிழகத்தில் யவனர் மதுவையும் பொன்னையும் இறக்கி, மிளகையும் முத்தையும் நுண்ணிய துகிலையும் ஏற்றிச் சென்றனர். கோல் நாட்டிலோ மனிதனே சரக்காயினான். அன்றைய நிலையில் எந்த நாடு வலிய வணிகம் செய்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் கோல் நாட்டார் வாங்கிக் குடிப்பதோடு நின்றுவிடவில்லை. கிரேக்கர் குடியேறிய மார்செய்ப் பகுதியில் முன்னரே வேரூன்றியிருந்த கொடிமுந்திரி, உரோமர் ஆட்சியில் உள்நாட்டிலும் பரவியது. முதல் நூற்றாண்டளவில் கரோன் ஆற்றங்கரையில் இருந்த புர்திகாலா என்னும் வணிக நகரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள் தோன்றின. அந்தப் புர்திகாலாவே இன்றைய போர்தோ. மண் சாடிக்கு மாற்றாக மரப்பீப்பாயைப் பெருவழக்காக்கியவரும் கோல் நாட்டவரே. சாடியை வாங்கியவர் பீப்பாயை விற்பவரானார். நான்காம் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த அவுசோனியஸ் இலத்தீன் கவிஞராகவும் ஆசிரியராகவும் விளங்கியதோடு திராட்சைத் தோட்டமும் உடையவராயிருந்தார். அவர் பெயர் தாங்கிய தோட்டம் ஒன்று அவ்வட்டாரத்தில் இன்றும் உண்டு.

போர்தோ வட்டாரம்

கரோன், தொர்தோஞ் என்னும் இரு ஆறுகள் கூடி ழிரோந்து என்னும் அகன்ற கழிமுகமாகி அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கின்றன. அவ்வாறுகளின் இரு மருங்கிலும் விரிந்ததே போர்தோ வட்டாரம். இடக்கரையில் மெதோக் பகுதி உள்ளது. அங்கே நிலம் பரற்கற்கள் செறிந்தது. பரல் நீரை வடியவிடும். பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் கொடிக்குத் தரும். காலம் தாழ்த்திப் பழுக்கும் கபெர்னே சோவிஞோன் என்னும் கருந்திராட்சைக்கு அது ஏற்ற நிலம். வலக்கரையில் சாந்த் எமிலியோன், போம்ரோல் முதலிய ஊர்களில் களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் மிகுதி. அங்கே மெர்லோ என்னும் திராட்சை செழிக்கிறது. குறிஞ்சி, மருதம், நெய்தல் என நிலத்தைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய உணவையும் தொழிலையும் வகுத்த தமிழ் மாணவர்க்கு, மண் மாறச் சுவை மாறும் என்னும் பிரஞ்சுக் கொள்கை எளிதில் விளங்கும்.

செம்மதுவின் நிறம் சாற்றில் இல்லை. கருந்திராட்சையின் சாறும் பெரும்பாலும் வெளிறியதே. தோலோடு சேர்த்துப் புளிக்க வைக்கும்போது நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்குகின்றன. பின்னர் 225 லிட்டர் கொள்ளும் கருவாலி மரப்பீப்பாய்களில் மாதக்கணக்கில் வைத்து முதிர்விக்கின்றனர். நம் நாட்டுக் கள் ஒரே நாளில் புளித்துக் காடியாகும் தன்மையது. செம்மதுவோ தன் துவர்ப்பாலும் சாராயச் செறிவாலும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஒன்று மரத்தடியிலேயே தீர்ந்துவிட வேண்டியது, மற்றொன்று கப்பலேறத்தக்கது. இவ்வியற்கை வேறுபாடே ஒன்றை உலக வணிகப் பொருளாக்கியது. மற்றொன்றை உள்ளூர்க் கடைக்குள் நிறுத்தியது. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

1152இல் அக்கிதேன் நாட்டு அரசி எலியனோர், பின்னர் இங்கிலாந்தின் மன்னனான இரண்டாம் ஹென்றியை மணந்தார். அதுமுதல் 1453 வரை மூன்று நூற்றாண்டுகள் போர்தோ ஆங்கில முடியின்கீழ் இருந்தது. பீப்பாய் ஏற்றிய கப்பல்கள் ஆண்டுதோறும் வடக்கே சென்றன. கப்பலின் கொள்ளளவை 'டன்' என்று கணக்கிடும் வழக்கமே அது சுமக்கும் பெரிய மதுப்பீப்பாய்களை எண்ணியதால் வந்தது. பினாங்குத் துறைமுகத்தில் நம்மவர் நாளும் ஆண்ட ஒரு சொல்லுக்குள் இவ்வளவு வரலாறு உறைந்து கிடக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் மெதோக்கின் சதுப்பு நிலங்களை வடித்துத் தந்தனர். 1855ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், மெதோக்கின் மதுக்கள் ஐந்து படிகளாகத் தரம் பிரிக்கப்பட்டன. லாஃபித், லத்தூர், மார்கோ ஆகியவற்றோடு, மெதோக்குக்கு வெளியே உள்ள ஓ பிரியோனும் முதற்படியில் நின்றது. அப்பட்டியல் 1973இல் மூத்தோன் தோட்டத்தை முதற்படிக்கு உயர்த்தியதைத் தவிரப் பெரிதும் மாறவில்லை. இடையில், 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களைச் சாய்த்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் பிரஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டியே அவர்கள் மீண்டனர். 1930களில் ஊர்ப்பெயருக்குச் சட்டக் காவல் இட்டனர். போர்தோ மண்ணில், விதித்த முறைப்படி ஆகாத எதையும் போர்தோ என்று விற்றல் ஆகாது. விளைந்த மண்ணுக்கே பெயர் உரியது என்பது அச்சட்டத்தின் உயிர்.

உணவும் துணைப்பானமும்

போர்தோ மக்கள் தம் மதுவைத் தனியே பருகுவதில்லை; உணவோடு சேர்த்தே பருகுவர். போயாக் ஊர்ப்புறத்து இளம் ஆட்டுக்கறியும், காய்ந்த திராட்சைக் கொடியின் விறகில் சுட்ட மாட்டிறைச்சியும், செம்மதுவிலேயே சமைத்த விலாங்கு போன்ற லாம்ப்ரே மீனும் அவ்வட்டாரத்துக்கு உரியவை. இச்சேர்க்கைக்குக் காரணம் உண்டு. செம்மதுவின் துவர்ப்பு நாவின் ஈரத்திலுள்ள புரதத்தைப் பற்றி வாயை வறளச் செய்யும். கொழுப்பும் புரதமும் செறிந்த இறைச்சி உடன் வரும்போது துவர்ப்பு அதனைப் பற்றித் தணிகிறது. மறுபுறம் மது கொழுப்பின் திகட்டலைக் கழுவுகிறது. கடல் உணவோடு செம்மது பெரும்பாலும் ஒவ்வாது. மதுவிலுள்ள இரும்புச்சத்தே கவிச்சையை எழுப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் 2009இல் காட்டினர்.

இனிப் பொருநராற்றுப்படையை நோக்குவோம். பசித்து வந்த பொருநனுக்குக் கரிகாலன் அளித்த விருந்தில், பொற்கலத்தில் மது வருகிறது. அறுகம்புல் தின்று கொழுத்த செம்மறியின் வெந்த இறைச்சி வருகிறது. இருப்புக்கோலில் கோத்துச் சுட்ட கொழுவிய துண்டுகள் வருகின்றன. மேய்ந்த புல்லைக் கூறி இறைச்சியின் சிறப்பைக் கூறும் வழக்கம் போயாக்கில் மட்டும் உள்ளதன்று. சிறுபாணாற்றுப்படையோ எயிற்பட்டினத்தின் விருந்தைக் காட்டுகிறது. கடலலை ஒதுக்கிய மணமுள்ள மரத்தை விறகாக்கித் தீமூட்டும் நுளைமகள் வடித்த பழைய தேறலும், சுட்ட குழல்மீனும் அங்கே கிடைக்கும். எயிற்பட்டினம் என்பது புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள மரக்காணம் எனக் கருதுவர். போர்தோவில் கொடியின் விறகு. எயிற்பட்டினத்தில் கடல் தந்த விறகு. எந்நிலத்தும் உணவும் பானமும் எரிபொருளும் அந்நிலத்தினின்றே எழுந்து ஒன்றையொன்று தழுவின.

அக்காலத் தமிழர் சமையலில் காரம் தந்தது மிளகே. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தது; போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே நம் அடுக்களைக்கு வந்தது. மிளகிட்டுச் சுட்ட இறைச்சியோடு யவன மது பொருந்தியிருக்கும். மிளகாயும் புளியும் மிகுந்த இன்றைய குழம்போடு துவர்ப்புச் செம்மது பொருந்தாது. எரிவை அது மிகுவிக்கும். பள்ளிவாசல் சாலையை ஒட்டிய வட்டாரத்தில் தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த நாசி கந்தார் என்னும் காவடிச் சோற்றுக்குத் துணையாய் அமைந்தது பாலும் சர்க்கரையும் கலந்து இழுத்தாற்றிய தேநீர். மார்க்கம் விதித்ததும் நாக்கு விரும்பியதும் இங்கே ஒன்றாயின.

இரண்டாம் முறை வந்த மது

அரிக்கமேட்டுச் சாடிகள் மண்மூடிப் பல நூற்றாண்டு சென்றபின், அதே கரைக்கு மேலை மது மீண்டும் வந்தது. 1664இல் தோன்றிய பிரஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1674இல் பிரான்சுவா மர்த்தேனின் முயற்சியால் புதுச்சேரியில் நிலைத்தது. அதன் கப்பல்கள் வெள்ளியையும் படைக்கலத்தையும் மதுப் பீப்பாய்களையும் கொண்டுவந்து, துணியை ஏற்றிச் சென்றன. துய்ப்ளே ஆளுநராயிருந்த 1742 முதல் 1754 வரையிலான காலத்தின் விருந்துகளும் பீரங்கி மரியாதைகளும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் விரிவாகப் பதிவு பெற்றுள்ளன. 1761 சனவரியில் அந்நகரம் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்து இடிபட்டது.

முதல் முறை மது கொணர்ந்த யவனர் வணிகராய் வந்தனர். பாண்டியன் விருப்பத்தால் வாங்கினான். புலவர் அதனைப் பாட்டில் வைத்தார். இரண்டாம் முறை வந்தவர் கோட்டை கட்டி ஆளவந்தவர். அவர் மேசையில் இருந்த மதுவுக்குத் தமிழில் நக்கீரர் ஒருவர் தோன்றவில்லை; அலுவலர் ஒருவரின் நாட்குறிப்பே சாட்சி நிற்கிறது.

புதுச்சேரியையும் பினாங்கையும் இணைக்கும் அரிய இழை ஒன்றும் உண்டு. கிழக்காசிய மாணவரைக் குருக்களாக்க 1665இல் சீயத்தின் அயுத்தியாவில் பிரஞ்சுப் பாதிரியார் நிறுவிய குருமடம், போர்களால் இடம் பெயர்ந்து 1770இல் வீராம்பட்டினத்திற்கு வந்தது. பின்னோ தெ பெகேன் அதனை நடத்தினார். அக்கட்டடத்தின் இடிபாடு அரிக்கமேட்டிலேயே நிற்கிறது. 1782இல் மூடப்பட்ட அக்குருமடம் 1808இல் மீண்டும் உயிர் பெற்ற இடம் நம் பினாங்கே. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சையினின்று எடுத்த இயற்கை மது இன்றியமையாதது. யவனர் சாடி புதைந்த அதே மேட்டில் வாழ்ந்த கல்விக்கூடம் ஒன்று, வழிபாட்டு மதுவின் மரபோடு இத்தீவுக்கு வந்து சேர்ந்தது.

கள்ளுக்கடையின் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டிலும் தமிழர் இக்கடலைக் கடந்தது வேறு வகையில். கடாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு வந்த பழைய வணிகர் சரக்கின் உடைமையாளராய் வந்தனர். தோட்டங்களுக்கு வந்தோர் தம் உழைப்பைத் தவிர வேறு உடைமை இல்லாதவராய் வந்தனர். கப்பலேற இயலாத கள் அவர்களுக்காகத் தோட்டத்திலேயே இறக்கப்பட்டது. லயத்தின் அருகிலேயே கள்ளுக்கடை. சம்பள நாளும் கடையின் நெரிசல் நாளும் ஒன்று. கூலியாகக் கொடுத்த பணத்தின் ஒரு பகுதி மாலைக்குள் கடைக்குத் திரும்பியது. உணவோடும் உறவோடும் பகிர்ந்த அதியமான் கள்ளும் இதுவும் பெயரால் ஒன்று, நிலையால் வேறு. தோப்பி, நறவு, அரியல் என்ற பெயர்களெல்லாம் மறைந்து, 'கள்' என்ற ஒரு சொல்லே எஞ்சியது. அதுவும் வசைச் சொல்லாயிற்று.

தொழிலாளர் இதனை உணராமல் இருந்துவிடவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. போருக்குப் பின் கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. 1947 பிப்ரவரி 28ஆம் நாள் பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது காவற்படையோடு மோதல் மூண்டு, தொழிலாளி ஒருவர் உயிர் நீத்தார். பீடோங்கினின்று பூஜாங் பள்ளத்தாக்கு மிகத் தொலைவன்று. தமிழ் வணிகர் தலைநிமிர்ந்து இறங்கிய அதே வட்டாரத்தில், தமிழ்த் தொழிலாளி தன் மானத்தை மீட்க ஒரு கடையின் வாயிலில் உயிரைக் கொடுத்தான்.

வகுப்பறைக்கு ஒரு சொல்

இவ்வரலாற்றை ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். சாடிக்கு அடிமையை விலை தந்த கோல் நாட்டார், கொடியைத் தம் மண்ணில் நட்டு, பீப்பாயைத் தாமே செய்து, பெயரைச் சட்டத்தால் காத்தனர். இன்று சாந்த் எமிலியோன் 1999 முதலும், நம் ஜார்ஜ் டவுன் 2008 முதலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றுள்ளன. ஒரு காலத்தில் சம நிலையில் வாணிகம் செய்த தமிழர், பின்னாளில் தம் பானத்தின் மீதே உரிமை இழந்தனர். பானம் எது என்பதைவிட, அதை ஆக்குவோர் யார், விற்போர் யார், கணக்கெழுதுவோர் யார் என்பதே மக்களின் நிலையைத் தீர்மானித்தது.

தமிழ் மண்ணிலும் இதற்கு நற்சான்று தோன்றாமலில்லை. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்திராட்சையைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தவர் பிரஞ்சுப் பாதிரியார் ஒருவர் என்பது அப்பகுதி வழக்கு. வந்த கொடி எதுவாயினும், விளைவித்த உழவனுக்கும் விளைந்த மண்ணுக்கும் பெயர் உரிமை கிட்டியது. போர்தோ உழவர் 1930களில் பெற்ற காவலை ஒத்தது அது.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் 'தேறல்' என்னும் சொல்லுக்கு வகுப்பில் பொருள் கூறும்போது, 'ஒருவகைக் கள்' என்று சொல்லிக் கடந்துவிடலாகாது. அச்சொல்லோடு அரிக்கமேட்டின் ஓட்டையும் காட்ட வேண்டும். பீடோங்கின் மறியலையும் கூற வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடையை நினைந்து நாணும் தமிழ் மாணவன், அந்நாணம் தன் முன்னோர்க்கு உரியதன்று, அவர்களின் உழைப்பை ஒரு குவளையால் திரும்பப் பெற்றுக்கொண்ட ஏற்பாட்டிற்கே உரியது என்பதைத் தெளிய வேண்டும். அவ்வேற்பாட்டை எதிர்த்து நின்றவரும் அவனுடைய முன்னோரே என்பதையும் அவன் அறிய வேண்டும்.